நடுவில் ஒரு தையல்

இறந்தவரின் கட்டில் ஒற்றைக் கட்டில். அதன்மேல் கிடந்த வெள்ளை விரிப்போ இருவர் படுக்கும் அளவு. இரண்டு பக்கமும் தரைவரை தொங்கித் தூசியைக் கூட்டிக்கொண்டிருந்தது.

அனுசுயா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னலுக்கு வெளியே அண்ணனூர் பணிமனையில் மின்சார ரயில்கள் ஆளில்லாமல் வெயிலில் நின்றன.

"யக்கா, கட்டிலு பேசும்னு நிக்கிறியா? பேசினா எனக்கும் ஒண்ணு கேட்டுச் சொல்லு. மத்தியானச் சோறு எப்போன்னு," என்றான் துலுக்கானம்.

துலுக்கானம் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அனுசுயாவின் துப்பறியும் நிறுவனத்துக்கு அவனே வாகனம், அவனே உதவியாளன், அவனே வாய். நிறுவனம் என்ற பெயர்தான் பெரிது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மின்விசிறி, அவ்வளவே. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைக் கண்டுபிடிப்பதிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, புருஷனோடு ஒத்துவராமல் பிரிந்து, திண்டுக்கல்லிலிருந்து வந்து வானகரத்தில் ஆறாவது மாடியில் குடியேறியவள் அனுசுயா. அந்த அடுக்ககத்தில் அவளோடு தவறாமல் பேசுவது லிஃப்டில் மாடி எண் சொல்லும் குரல் ஒன்றுதான்.

செத்துப்போனவர் பெயர் ஜஸ்டின். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நூற்பாலை ஒன்றுக்குத் தரம் பார்த்துப் பஞ்சு வாங்கித் தருவதே வேலையாக ஊர் ஊராகச் சுற்றி ஓய்வு பெற்றவர். போன மாதம் ஒரு ராத்திரி தூக்கத்திலேயே மாரடைப்பு. மறுநாள் முழுக்க யாருக்கும் தெரியாது. வாசலில் பால் பாக்கெட் சேர்ந்து கிடப்பதைப் பார்த்து அதற்கடுத்த நாள்தான் கதவை உடைத்தார்கள்.

வழக்கைக் கொண்டுவந்தவன் அவருடைய அக்கா மகன் சந்தோஷ். ஐ.டி. கம்பெனியில் வேலை. மாமாவிடம் நான்கு படுக்கை விரிப்புகள் இருந்தன, ஓய்வு பெற்றபோது மில்லில் கொடுத்தவை, உலகத்தின் உயர்ந்த பருத்தி என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார் என்றான் அவன். இப்போது இரண்டுதான் இருக்கின்றன. ஒன்று கட்டிலில், ஒன்று அலமாரியில். பிணம் கிடந்த வீட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து எடுத்துப் போயிருக்கிறார்கள் என்பது அவன் முடிவு. எடுத்தவருக்கு மாமாவின் சாவிலும் பங்கு இருக்குமோ என்ற சந்தேகம் வேறு. மாலைக்குள் ஒரு பெயர் கிடைக்காவிட்டால் வந்துபோன அத்தனை பேர்மேலும் போலீஸில் புகார் கொடுப்பேன் என்று சொல்லிப் போயிருந்தான்.

அனுசுயாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. மாமாவைப் பார்க்க அவன் வந்து பல மாதமாகிறது என்று பேச்சோடு பேச்சாக அவனே சொல்லியிருந்தான். பார்க்க வராத பாவத்தைத் தூக்கிச் சுமக்க அவனுக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான்.

அவள் விரிப்பின் ஓரமடிப்பைக் கத்தரி முனையால் விரலகலம் பிரித்தாள். ஒரு நூலை உருவி, முறுக்கை நிமிண்டித் தளர்த்தி, உள்ளிருந்த இழையைப் பிரித்தெடுத்துத் தீக்குச்சிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னாக்கா, பேன் பாக்குறியா?"

"இழை பாக்குறேன். சாதாரணப் பருத்தின்னா இந்தக் குச்சியில முக்கால்கூட வராது. இது பாரு, குச்சியோட மறுமுனையத் தொட்டுருச்சு."

நேற்றே கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலை நண்பரைக் கூப்பிட்டு அவள் கேட்டு வைத்திருந்தாள். இழை நீளமாக இருந்தால் நூலில் முனைகள் குறைவு. முனைகள் குறைந்தால் பிசிறு நீட்டாது, உருண்டை உருண்டையாகப் புடைக்காது. மெல்லியதாக நூற்றாலும் அறாது. துவைக்கத் துவைக்கச் சாதாரணத் துணி நைந்து போகும், இது இன்னும் மெத்தென்று ஆகும். அவள் உள்ளங்கையை விரிப்பில் வைத்துப் பார்த்தாள். எத்தனையோ முறை துவைத்த துணி, ஆனால் ஓரிடத்தில்கூட நையவில்லை. கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மனுஷத் தோல் பட்டே நாளாகிவிட்டவளுக்குத் துணிகூடப் பெரிய விஷயம்தான்.

பிறகுதான் நடுவில் ஓடிய தையல் கண்ணில் பட்டது. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை இரண்டு துண்டுத் துணியைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தடவினால்தான் தெரிகிற அளவுக்கு நேர்த்தி.

"துலுக்கானம், எந்த மில்லுல நடுவுல தையல் போட்ட விரிப்பைப் பரிசாக் குடுப்பாங்க?"

"எந்த மில்லும் குடுக்காது. இது சட்டைத் துணிக்கா. ரெண்டு அகலத்த ஒட்டிகீறாங்க."

மில்லில் கொடுத்தது சட்டைத் துணி. அதை விரிப்பாக்கியது ஒரு தையல்காரர். ஓரத்தைப் பார்த்ததும் இன்னொன்றும் புரிந்தது. ஓரமடிப்பு மெஷின் தையல் இல்லை. வெளியே நூல் தெரியாமல் கையால் ஓட்டிய பொடித் தையல். புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிற கை. அவள் பிரித்த இடத்தில், மடிப்புக்குள்ளே, வெயில் படாத மூலையில் மங்கலாக ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது. அலமாரியில் இருந்த இரண்டாவது விரிப்பின் மூலையைப் பிரித்துப் பார்த்தாள். அங்கேயும் இருந்தது.

துலுக்கானம் தலையைச் சொறிந்தான். தனிக்கட்டை, அதுவும் சர்ச்சுக்குப் போகிறவர், புதுத்துணிக்கு மஞ்சள் வைக்கிறாரா என்று கேட்டான். டெய்லர் வைத்திருப்பாரா என்று அவள் கேட்டதற்குச் சிரித்தான்.

"டெய்லருங்க பட்டன வெச்சுக் குடுத்தாலே பெரிசு. மஞ்சளு ஊட்டு ஆளுங்க வெக்கிறது."

அவன் ஷேர் ஆட்டோ நண்பர்களுக்குப் போன் போட்டான். ஜஸ்டின் ஐயாவைத் தெரியாத ஆட்டோ அந்தப் பாதையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஆவடியில் எங்கே இறங்குவார் என்றதற்கு மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். புருஷனும் பிள்ளையும் இல்லாத ஒரு பெண்மணி நடத்தும் லேடீஸ் டெய்லர் கடை வாசலில்.

"பொம்பளைங்களே இல்லாத ஊட்டுக்காரரு, லேடீஸ் டெய்லராண்ட வாரா வாரம் இன்னாத்த தெச்சாரு?" என்றான் துலுக்கானம், ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டே.

கடை ஒரு ஷட்டர் அகலம். முன்னால் தையல் மெஷின், வெட்டுமேஜை. பின்னால் திரை போட்ட வாசல். திரை காற்றில் விலகியபோது உள்ளே ஓர் இரட்டைக் கட்டிலும் அதன்மேல் வெள்ளை விரிப்பும் தெரிந்தன. அனுசுயா தேடி வந்தது அங்கேயே விரித்துக் கிடந்தது. இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

எழிலரசிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கழுத்தில் அளவு டேப், உதட்டில் குண்டூசி. துலுக்கானத்தைத் தெருமுனையில் ஆட்டோவோடு நிறுத்திவிட்டு வந்திருந்தாள் அனுசுயா. தான் யார், எதற்காக வந்தேன் என்று அவள் சொல்லி முடித்ததும் எழிலரசி குண்டூசியை எடுத்துப் பஞ்சில் குத்தி வைத்தாள்.

"ஆமா, நாந்தான் எடுத்தேன். சாவு ஊட்ல கும்பலா இருந்துச்சு, வெள்ளையா நல்லா இருந்துச்சு, எடுத்துகினு வந்துட்டேன். போலீஸாண்ட சொல்லிக்கோ."

குற்றவாளிகள் இப்படி ஒத்துக்கொண்டு அனுசுயா பார்த்ததே இல்லை. இன்சூரன்ஸில் இருந்தபோது பொய் சொல்கிறவர்கள் எல்லோரும் தப்பிக்கத்தான் பொய் சொன்னார்கள். இவள் மாட்டிக்கொள்ளப் பொய் சொன்னாள்.

அனுசுயா எழுந்து திரையை விலக்கி விரிப்பைத் தடவினாள். நடுவில் அதே தையல். அவசரமில்லாமல், விலை பேசுகிறவள் மாதிரிச் சொன்னாள்.

"பாவம், தெரியாம எடுத்துட்டீங்க. இது எகிப்துப் பருத்தி. ரொம்ப விலை."

"எகிப்து இல்ல. சுவின்னு ஒரு பருத்தி." வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்கு மேல் எழிலரசியால் நிறுத்த முடியவில்லை. "எகிப்து வழி வந்தது ஆத்தாக்காரிதான். சுஜாதான்னு பேரு. அப்பங்காரன் எங்கியோ கடலுக்கு அந்தாண்ட தீவுல வெளைஞ்சவன், செயின்ட் வின்சென்டுன்னு. கோயமுத்தூர்ல ரெண்டையும் கட்டி வெச்சாங்க. எழுவத்தி நாலுல வெளிய வுட்டாங்க. நம்ம நாட்லயே இத்தவிட நீட்டு இழை கெடையாதுன்னு சொல்லுவாரு. இப்போ யாரும் வெதைக்க மாட்றாங்களாம். செடியிலயே மாசக்கணக்குல நிக்குது, பூச்சி வேற..."

நிறுத்தினாள். கடைக்குள் மெஷினின் சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

திருடியவளுக்குத் துணியின் விலை தெரிந்திருக்கலாம். அதன் ஆத்தாவும் அப்பனும் யார் என்று தெரிந்திருக்காது. அனுசுயா மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். நடுத்தையல் இங்கே போட்டது. ஃபால்ஸ் கை இந்தக் கை. விரிப்பின் அகலம் இந்தக் கட்டிலின் அகலம். அங்கேயிருந்து இங்கே எதுவும் வரவில்லை. இங்கேயிருந்துதான் இரண்டு விரிப்புகள் அங்கே போயின.

"அவர் வீட்டு விரிப்புல மடிப்புக்குள்ள மஞ்சள் வெச்சிருக்கீங்க."

எழிலரசி முகத்தை மூடிக்கொண்டாள். வைக்காதே, சர்ச்சுக்காரன் வீட்டில் மஞ்சள் எதற்கு, அக்கா வந்தால் பார்த்துவிடுவாள் என்று ஜஸ்டின் சொன்னாராம். புதுத்துணியை மஞ்சள் இல்லாமல் அவள் எப்படிக் கொடுப்பாள்? மடிப்புக்குள் ஒளித்து வைத்தாள். மில்லில் கொடுத்த சட்டைத் துணியில் சட்டை ஏன் தைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டபோது, ஒரு ஆள் போட்டுக்கொள்ள எதற்கு இவ்வளவு நல்ல பருத்தி என்றாராம். பதினோரு வருஷப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இங்கே வருவார். மற்ற ஆறு நாளும் இரண்டு வீடுகளில் ஒரே துணியில் படுத்துக்கொண்டார்கள்.

இதைச் சொல்லிவிட்டால் புகாரே இல்லையே என்றாள் அனுசுயா.

"சொல்லக் கூடாது," என்றாள் எழிலரசி. "அவரு அக்கா புருஷன் செத்தப்போ இந்தப் புள்ள கைக்கொயந்த. இவருதான் படிக்க வெச்சாரு. எனக்கோசரம் எந்தம்பி கல்யாணமே கட்டிக்கலன்னு அந்தம்மா ஊரெல்லாம் சொல்லிகினு கீது. சாமியா நெனச்சிகினு கீது. அத்த நான் போயி ஒடைக்கணுமா? உசுரோட இருந்தப்போ ஒடைக்க வேணாம்னுதான அவரும் மறைச்சாரு. என்னிய திருடின்னு சொல்லட்டும், பரவால்ல."

அடக்கத்தன்று அவள் கல்லறை கேட்டுக்கு வெளியே மாலையோடு நின்றாளாம். உள்ளே போக எந்த உறவும் கையில் இல்லை. பூ விற்கிறவள் என்று நினைத்து ஒருவர் மாலை என்ன விலை என்று கேட்டாராம். விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாளாம்.

தனக்குத் துணை யாரும் இல்லை என்பதுதான் உலகத்தின் பெரிய துக்கம் என்று அனுசுயா நினைத்திருந்தாள். துணை இருந்ததைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பது அதைவிடப் பெரியது என்று இப்போது தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத் துலுக்கானம் மூச்சிரைக்க உள்ளே வந்தான். வழக்கமான நக்கல் முகத்தில் இல்லை. ஆளை அமுக்கிவிட்டோம் என்று சந்தோஷுக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு போட்டு, ஒரு பெருமைக்காகக் கடை இருக்கும் இடத்தையும் அனுப்பித் தொலைத்திருந்தான். சந்தோஷின் கார் தெருமுனையில் திரும்பிவிட்டது.

"நாக்குல சனிக்கா," என்றான்.

எழிலரசி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றாள். ஒத்துக்கொள்ளத் தயாராகிவிட்டாள் என்று தெரிந்தது. அனுசுயா பின்னறைக்குள் ஓடி, கட்டிலில் கிடந்த விரிப்பை உருவினாள். திறந்து கிடந்த அலமாரியில் தெரிந்த இன்னொன்றையும் எடுத்து, இரண்டையும் வெட்டுமேஜைமேல் மடித்துப் போட்டுத் திரையை இழுத்து மூடினாள். சந்தோஷ் செருப்போடு உள்ளே வந்தபோது அவளே முந்திக்கொண்டாள்.

"வாங்க சார். திருட்டே நடக்கல. இது மில்லுல குடுத்த விரிப்பு இல்ல. மில்லுல குடுத்தது சட்டைத் துணி. உங்க மாமா இவங்ககிட்ட குடுத்து விரிப்பாத் தைச்சிருக்கார். நடுவுல பாருங்க, தையல். இந்த ரெண்டுல ஓரம் பிரிஞ்சுபோச்சுன்னு சரிபண்ணித் தரச் சொல்லி மறுபடி குடுத்திருக்கார். திரும்ப வாங்கிக்க அவர் இல்ல."

சந்தோஷ் தையலைத் தடவிப் பார்த்தான். நம்பினான். நம்பத்தான் அவனும் விரும்பினான் போலிருந்தது, தோள் தளர்ந்தது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டு எழிலரசியைப் பார்த்தான்.

"மாமா இறந்த அன்னிக்கு அவர் போன்ல டெய்லர்னு ஒரு பேர்ல நிறைய மிஸ்டு கால் இருந்துச்சு. டெய்லர்தானேன்னு விட்டுட்டேன். நீங்கதானாக்கா? எதுக்கு அத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

அனுசுயா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. இப்படி ஒரு விவரத்தை இவன் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். துலுக்கானம் கூரையைப் பார்த்தான்.

"துணி ரெடியாயிடுச்சின்னு சொல்லத்தான் தம்பி," என்றாள் எழிலரசி. "எடுக்கவே இல்ல. தூங்குறாரு போலன்னு நெனச்சேன்."

சந்தோஷ் தலையாட்டினான். அவசரப்பட்டுச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டான். நல்ல பையன்தான். பிறகு மேஜைமேல் இருந்த விரிப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் தான் செய்த காரியம் அனுசுயாவுக்கு உறைத்தது. தைக்கக் கொடுத்த துணி என்றால் அது கொடுத்தவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? எழிலரசியைத் திருடி என்ற பட்டத்திலிருந்து காப்பாற்றிய அதே பொய் அவளிடமிருந்த ஒரே பொருளையும் பிடுங்கிக் கொடுத்துவிட்டது. பதினைந்து நிமிஷம் யோசித்திருந்தால் வேறு ஏதாவது தோன்றியிருக்கும். ஆனால் அவளுக்குப் பதினைந்து நொடிகூடக் கிடைக்கவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தின்மேல் அவளுக்கு அசாத்தியக் கோபம் வந்தது.

சந்தோஷ் வாசல்வரை போய்த் திரும்பினான். துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

"எவ்வளவு மெத்துனு இருக்கு. அம்மாவுக்கு இப்பல்லாம் எந்தத் துணி போட்டாலும் உடம்பு அரிக்குது. ராத்திரி தூக்கமே இல்ல. அக்கா, இந்த நடுத்தையலைப் பிரிச்சுட்டு அம்மாவுக்கு நைட்டி தைச்சுத் தர முடியுமா? மாமா துணின்னு சொன்னா சந்தோஷப்படுவாங்க."

எழிலரசி கழுத்து டேப்பின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"தைக்கலாம் தம்பி. அளவுக்கு அந்தம்மாவோட பழைய நைட்டி ஒண்ணு குடுத்தனுப்பு. கழுத்து எறக்கமா வெக்கட்டுமா, ஒசத்தியா வெக்கட்டுமான்னு கேட்டுச் சொல்லு."

அவன் ஒரு விரிப்பைக் கொடுத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு போனான். கார் தெருமுனை தாண்டியது. துலுக்கானம் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வானகரத்துக்குத் தானே போய்க்கொள்வதாக அனுசுயா அவனிடம் சொல்லி அனுப்பினாள்.

எழிலரசி விரிப்பை மேஜைமேல் பரப்பி, பிளேடை எடுத்து நடுத்தையலின் முனையில் வைத்தாள். துணி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. நாளைக்குப் பிரித்தால் போதாதா என்று அனுசுயா கேட்டாள்.

"இன்னிக்கே பிரிக்கிறேன். ராத்திரி இது பக்கத்துல இருந்தா அப்புறம் குடுக்க மனசு வராது."

அனுசுயா மேஜையின் எதிர்ப்பக்கம் போய்த் துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். தைத்த நூலும் அதே பருத்தி போலிருந்தது, லேசில் அறவில்லை. ஒவ்வொரு தையலாக எடுக்க வேண்டியிருந்தது.

"மெதுவாப் பிரிங்க," என்றாள் அனுசுயா. "என்னையும் வீட்டுல யாரும் தேட மாட்டாங்க."